தாத்தாவின் பெட்டியில் ஓர் இரும்புச் சிலுவை

கேள்வி: என் தாத்தா இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படையில் இருந்தார். கடைசி ஒன்றரை ஆண்டு இத்தாலியில். அவர் பெட்டியில் ஒரு கறுப்புச் சிலுவை கிடைத்தது. ஓரத்தில் வெள்ளி நிறம், நடுவில் ஸ்வஸ்திகா, கீழே 1939. பின்பக்கம் 1813 என்று மட்டும் இருக்கிறது. கூடவே கசங்கிய சிவப்பு, வெள்ளை, கறுப்பு நாடா, ஒரு நீலக் காகித உறை. ஜெர்மன் அதிகாரி ஒருவரைச் சுட்டு அவர் மார்பிலிருந்து பிடுங்கியது என்று வீட்டில் சொல்வார்கள். இது அசல்தானா? தேய்த்துச் சுத்தம் செய்யலாமா? நாஜிப் பொருளை வீட்டில் வைத்திருப்பது தவறா?

பதில்:

மற்றதெல்லாம் அப்புறம். முதலில், அதைத் தேய்க்காதீர்கள். பாலிஷ், எலுமிச்சை, பற்பசை, எதுவும் வேண்டாம். ஈரத்துணியால் துடைப்பதுகூட வேண்டாம். ஒருவர் தன் பெரியப்பா கொண்டுவந்த சிலுவையை நல்ல எண்ணத்தோடு பளபளவென்று தேய்த்துவிட்டு என்னிடம் காட்ட எடுத்துவந்தார். ஓரம் கண்ணாடி போல மின்னியது. ஆனால் நடுவில் கறுப்புப் பூச்சு திட்டுத்திட்டாகப் போய் வெறும் இரும்பு தெரிந்தது. சில மாதங்களில் அந்த இடமெல்லாம் துருப் பிடித்துவிட்டது. எண்பது ஆண்டு தாங்கிய பூச்சு பத்து நிமிடத்தில் போனது. அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை.

நாடாவையும் துவைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். அதன் கசங்கலில் உங்களுக்கு வேண்டிய சேதி ஒன்று இருக்கிறது. பின்னால் சொல்கிறேன்.

உங்களிடம் இருப்பது இரும்புச் சிலுவை, இரண்டாம் வகுப்பு. ஜெர்மன் மொழியில் ‘ஐசர்னெஸ் க்ரொய்ட்ஸ்’. ஹிட்லர் போலந்தின் மீது படையெடுத்த 1939 செப்டம்பர் 1 அன்றே இந்தப் பதக்கத்தை மறுபடியும் நிறுவி ஆணை பிறப்பித்தார். ‘மறுபடியும்’ என்றால், முன்பே இருந்ததா? இருந்தது. அதற்குச் சாட்சிதான் உங்களைக் குழப்பும் அந்த 1813.

நெப்போலியனை எதிர்த்துப் பிரஷ்யா என்ற அன்றைய ஜெர்மன் அரசு எழுந்த ஆண்டு அது. மன்னர் மூன்றாம் பிரெடெரிக் வில்லியம் 1813 மார்ச் 10-ஆம் தேதியிட்டு இந்தப் பதக்கத்தை நிறுவினார். மறைந்துபோன அவருடைய அரசி லூயிஸாவின் பிறந்தநாள் அது. வடிவத்தை வரைந்து முடித்தவர் கட்டடக் கலைஞர் கார்ல் பிரெடெரிக் ஷிங்கெல். தங்கமும் வைரமும் பதித்த விருதுகள் பிரபுக்களின் மார்பை அலங்கரித்த காலத்தில், வெறும் வார்ப்பிரும்பில் ஒரு சிலுவை. கருவூலம் காலியாகிக் கிடந்தது. ‘தங்கத்தைக் கொடுத்தேன் இரும்புக்காக’ என்று சொல்லிப் பெண்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு இரும்பு மோதிரம் போட்டுக்கொண்ட நாட்கள். பிரபுவும் சாதாரணச் சிப்பாயும் ஒரே பதக்கத்துக்குத் தகுதியானவர்கள் என்பது அப்போது பெரிய புதுமை. பெரிய போர் வரும்போது மட்டும் இதை உயிர்ப்பிப்பது வழக்கமாயிற்று: 1870, 1914, கடைசியாக 1939. அந்தந்த ஆண்டு முன்பக்கம் இருக்கும். 1939 சிலுவையின் பின்பக்கத்தில் பிறந்த ஆண்டு போல 1813 நிற்கும்.

முதல் உலகப் போரின் சிலுவையில் ஸ்வஸ்திகா கிடையாது. நடுவில் ஜெர்மன் பேரரசர் வில்லியமின் முதலெழுத்தான ஆங்கில ‘டபிள்யூ’, மேலே கிரீடம், கீழே 1914. இதைப் பார்த்தவுடன் ‘நாஜிப் பதக்கம்’ என்று முத்திரை குத்துகிறவர்கள் உண்டு, அது பெரிய அநியாயம். அந்தச் சிலுவையை வாங்கியவர்களில் ஆயிரக்கணக்கான யூதச் சிப்பாய்கள் இருந்தார்கள். ஹிட்லருக்கே 1918-இல் முதல் வகுப்புச் சிலுவை கிடைக்கப் பரிந்துரைத்த அதிகாரி ஹூகோ குட்மன் என்ற யூதர்தான். பிற்பாடு அவரே ஜெர்மனியை விட்டு உயிர் தப்பி ஓடவேண்டி வந்தது.

இன்னொரு வகையும் சந்தையில் உலவுகிறது: 1939 என்று ஆண்டு இருக்கும், ஆனால் நடுவில் ஸ்வஸ்திகாவுக்குப் பதில் ஓக் இலைக் கொத்து. இது போருக்குப் பிந்தையது. 1957-இல் மேற்கு ஜெர்மனி ஒரு சட்டம் போட்டு, பழைய வீரர்கள் ஸ்வஸ்திகா இல்லாத வடிவில் தங்கள் பதக்கங்களை அணியலாம் என்றது. அப்போது செய்யப்பட்டவை இவை. ‘1945-இல் போர்க்களத்தில் எடுத்தது’ என்ற கதையோடு இந்தச் சிலுவை வந்தால், கதை பொருந்தாது. உங்களுடையதில் ஸ்வஸ்திகா இருப்பதால் அந்தச் சந்தேகம் இல்லை.

சரி, அசல்தானா? படத்தை மட்டும் வைத்து நானும் சொல்லமாட்டேன், வேறு யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆனால் நல்ல வெளிச்சமும் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் இருந்தால் முக்கால் பங்கு நீங்களே பார்த்துவிடலாம். இந்தச் சிலுவை ஒரே துண்டு அல்ல, மூன்று துண்டு. கறுப்புப் பூசிய இரும்பு நடுவில். அதை முன்னும் பின்னும் இரண்டு சட்டங்கள் சாண்ட்விச் போலக் கவ்விக்கொண்டிருக்கும். சட்டங்களின் விளிம்புகள் ஓரத்தில் சந்தித்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். சிலுவையைப் பக்கவாட்டில் திருப்பி, அந்த ஓரத்தில் லென்ஸை மெதுவாக நகர்த்துங்கள். பற்றவைத்த தடம் மயிரிழை போல ஓடும். நன்றாக அரத்தால் தேய்த்து மறைத்திருந்தாலும் உள்மூலைகளில், இரண்டு கைகள் சேரும் இடத்தில், அது கண்ணுக்குச் சிக்கும். தடமே இல்லாமல் முழுசாக வார்த்ததுபோல் இருந்தால் அது போலி.

அடுத்து, சட்டத்தின் உட்பக்கம் வரிசையாக ஓடும் மணிகள். அசலில் ஒவ்வொரு மணியும் தனித்தனியாக, கூர்மையாக நிற்கும். அச்செடுத்து வார்த்த போலிகளில் மணிகள் உருகிய மெழுகு போல ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், எண்களின் முனைகளும் மழுங்கியிருக்கும். கைபட்டு உரசிய அசலில் தேய்மானம் மேடான இடத்தில் தொடங்கும், அதாவது ஸ்வஸ்திகாவின் முனைகளிலும் எண்களின் மேற்பரப்பிலும். பள்ளத்தில் பூச்சு போய் மேட்டில் அப்படியே இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

காந்தம் வைத்துப் பார்க்கலாம். நடுத்துண்டு இரும்பு என்பதால் ஒட்டும். ஒட்டவில்லை என்றவுடன் போலி என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், இரும்பு அல்லாத நடுத்துண்டோடு வந்த அசல்களும் உண்டு. ஒட்டுவதாலேயே அசல் ஆகிவிடாது, போலி செய்பவனுக்கும் இரும்பு கிடைக்கும். மேலே நாடா கோக்கும் வளையத்தைப் பாருங்கள். அதில் பொடியாக ஓர் எண் அடித்திருக்கலாம். தயாரிப்பாளரின் எண் அது: 4 என்றால் லூடென்ஷைடு ஊரின் ஸ்டைன்ஹவர் அண்டு லூக், 65 என்றால் இடார்-ஓபர்ஸ்டைனின் கிளைன் அண்டு குவென்ட்சர், 100 என்றால் மிட்வைடாவின் வெஹ்ட்லர் அண்டு லாங்கே. எண் இல்லாத அசல்களும் ஏராளம், அதனால் இல்லையென்று கவலைப்பட வேண்டாம். ஆனால் எண்ணும் இருந்து, உங்கள் நீல உறையின் பின்பக்கம் அச்சிட்ட நிறுவனப் பெயரும் அதுவும் ஒன்றாக இருந்தால், சிலுவையும் உறையும் ஆரம்பத்திலிருந்தே ஒன்றாக இருந்தவை என்று ஓரளவு நம்பலாம். பிற்பாடு யாரோ சேர்த்து வைத்த ஜோடி அல்ல. உறையைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்த உங்கள் தாத்தாவுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

நாடாவுக்குப் புற ஊதா விளக்குச் சோதனை ஒன்று சொல்வார்கள். போருக்குப் பிந்தைய செயற்கை இழை அந்த வெளிச்சத்தில் பளீரென்று ஒளிரும். ஆனால் இந்தக் காலச் சலவைத்தூளில் ஒருமுறை நனைத்த பழைய துணியும் அப்படித்தான் ஒளிரும். துவைக்காதீர்கள் என்று முதலிலேயே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, நீங்கள் உண்மையில் கேட்க விரும்பிய கேள்விக்கு வருகிறேன். ‘சுட்டு, மார்பிலிருந்து பிடுங்கியது.’ பதக்கம் கொண்டுவந்த வீடுகளில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். சிலர் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். சிலருக்கு அதுவே வாழ்நாள் முழுக்கக் குற்ற உணர்வாக இருக்கும்.

உங்கள் பதக்கத்தைப் பொறுத்தவரை இந்தக் கதை நடந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்றே நினைக்கிறேன். காரணம் எளிது. இரண்டாம் வகுப்புச் சிலுவையைப் போர்க்களத்தில் யாரும் மார்பில் தொங்கவிட்டுக்கொண்டு திரிவதில்லை. வழங்கும் நாளில் மட்டும், சட்டையின் இரண்டாவது பொத்தான் துளையில் நாடாவோடு சிலுவையைத் தொங்கவிடுவார்கள். மறுநாள் முதல் நாடாத் துண்டு மட்டும் அந்தத் துளையில் சாய்வாகச் செருகித் தைத்திருக்கும். சிலுவை உறைக்குள் போய்விடும். உறை மூட்டைக்குள் போகும், அல்லது தபாலில் ஊருக்குப் போகும். பழைய படங்களைப் பாருங்கள்: சிப்பாய்களின் சட்டையில் நாடா தெரியும், சிலுவை தெரியாது. எப்போதும் மார்பில் குத்திக்கொள்ளும் சிலுவை முதல் வகுப்பு. அதற்குப் பின்னால் ஊசி இருக்கும், நாடா வளையம் இருக்காது, 1813-உம் இருக்காது.

ஆக, வளையமும் நாடாவும் உறையும் உள்ள உங்கள் சிலுவை ஒருவர் மார்பிலிருந்து வந்ததல்ல. ஒரு பையிலிருந்து, பெட்டியிலிருந்து, மேசை இழுப்பறையிலிருந்து, இல்லாவிட்டால் இன்னொரு மனிதரின் கையிலிருந்து வந்திருக்க வேண்டும். இப்போது அந்த நாடாவை எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். மடிப்பு எங்கே இருக்கிறது? சாய்வாக ஒரு மடிப்பும் நுண்ணிய தையல் துளைகளும் இருந்தால், ஒருவர் அதைச் சட்டையில் அணிந்திருந்தார். நேர் மடிப்புகள் மட்டும், உறைக்குள் மடித்து வைத்த அளவுக்கே இருந்தால், அது யாருக்கும் வழங்கப்படாத பதக்கமாகவும் இருக்கலாம். கிடங்குகளில் இப்படி உறை உறையாக, கட்டுக் கட்டாகக் கிடந்தன. 1939-க்குப் பிறகு இரண்டாம் வகுப்பு மட்டும் 20 லட்சத்துக்கு மேல் வழங்கினார்கள். ஜெர்மனி சரிந்த வாரங்களில் திறந்து கிடந்த அலுவலகங்களில் சட்டைப்பை நிறைய அள்ளிப் போட்டுக்கொண்ட சிப்பாய்கள் எல்லாப் படைகளிலும் இருந்தார்கள்.

இத்தாலி என்று சொல்கிறீர்கள். அங்கே ஜெர்மன் படைகளின் சரணாகதி 1945 மே 2 அன்று நடைமுறைக்கு வந்தது. மற்ற முனைகளைவிடச் சில நாட்கள் முன்னதாகவே. லட்சக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். அடுத்து வந்த நாட்களில் சுட்டவனும் சுடப்பட்டவனும் ஒரே முகாமின் இரு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள், செய்வதற்கு ஒன்றும் இல்லாமல். சிகரெட்தான் அப்போது நாணயம். சிகரெட்டுக்குக் கைக்கடிகாரம், ரொட்டிக்குத் தொப்பிச் சின்னம், சோப்புக்கட்டிக்குப் பதக்கம். தோற்ற நாட்டின் பதக்கத்தால் வயிறு நிறையாது, சிகரெட்டைக் கொடுத்து உணவு வாங்கலாம். இப்படிக் கைமாறியவை எத்தனையோ.

வீடு திரும்பிய சிப்பாய் சிறுபிள்ளைகள் சூழ்ந்துகொண்டு கேட்கும்போது ‘சிகரெட்டுக்கு வாங்கினேன்’ என்று சொல்வாரா? பல பேர் எதுவும் சொல்லாமல் இருந்தார்கள், கேட்டவர்கள் கதையை நிரப்பிக்கொண்டார்கள். உங்கள் தாத்தா தன் வாயால் அப்படிச் சொன்னாரா, அல்லது அவர் சொன்னதாக மற்றவர்கள் சொன்னார்களா என்று விசாரித்துப் பாருங்கள்.

பிடுங்கியதும் நடந்தது, அதை மறைக்க மாட்டேன். போர்க்கைதியிடமிருந்து பதவிச் சின்னம், பதக்கம், விலைமதிப்புள்ள பொருள் எதையும் எடுக்கக்கூடாது என்று 1929 ஜெனீவா ஒப்பந்தமே சொன்னது. 1949 ஒப்பந்தமும் அதைத் திரும்பச் சொன்னது. இறந்தவர்களின் உடைமைகளைச் சேகரித்து அனுப்பவேண்டும் என்றும் விதி இருந்தது. விதி இருந்தும் கைகள் நீண்டன. வீடுகளுக்குள்ளும் நுழைந்தார்கள். அதற்குச் சாட்சி, நீல எனாமல் பூசிய ஒல்லியான ஒரு சிலுவை. ‘பெரிய ஜெர்மன் போர் விருது’ என்று பல குடும்பங்கள் அதைப் பத்திரமாக வைத்திருக்கின்றன. அது போர் விருதே அல்ல, தாய்மார் சிலுவை. 1938 டிசம்பரில் நாஜி அரசு நிறுவியது: நான்கைந்து பிள்ளை பெற்றால் வெண்கலம், ஆறேழு என்றால் வெள்ளி, எட்டும் அதற்கு மேலும் என்றால் தங்கம். அதை எந்தப் போர்வீரன் கழுத்திலிருந்தும் எடுத்திருக்க முடியாது. ஏதோ ஒரு தாயின் அலமாரியிலிருந்துதான் போயிருக்கும். ‘இது உங்கள் அப்பா போர்க்களத்தில் எடுத்ததல்ல’ என்று ஒரு மகளிடம் நான் சொல்லவேண்டி வந்தபோது, அவர் அதை மேசையில் வைத்துவிட்டு ரொம்ப நேரம் தொடவேயில்லை.

பதக்கத்துக்கு உரியவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்றும் உங்கள் மனதில் இருக்கும். ஜெர்மன் இரும்புச் சிலுவையில் பெயர் பொறிப்பதில்லை. முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் பதக்கங்களில் விளிம்பைச் சுற்றி எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் இருக்கும். சோவியத் செந்நட்சத்திர விருதின் பின்னால் வரிசை எண் இருக்கும், அதை வைத்து ஆளைத் தேடலாம். உங்களுடையதில் அப்படி எதுவும் இல்லை. சிலுவை மட்டும் என்றால் தேடல் அங்கேயே முடிந்துவிடும்.

ஆனால் பெட்டியை இன்னொரு முறை பொறுமையாகப் பாருங்கள். மடித்த காகிதம், சிறு புத்தகம், புகைப்படம், உலோகத் தகடு, ஏதாவது இருக்கிறதா? ஜெர்மன் சிப்பாய் ஒவ்வொருவரும் ஒரு சம்பளப் புத்தகம் வைத்திருந்தார். அதன் 22-ஆம் பக்கத்தில் அவர் வாங்கிய விருதுகளைத் தேதியோடு எழுதியிருப்பார்கள். விருதோடு ஒரு சான்றிதழும் கொடுப்பார்கள், பெயரும் தேதியும் கையெழுத்துமாக. இவற்றில் ஒன்று கிடைத்தால் ஆளின் பெயர் கிடைத்துவிடும். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. நீள்வட்டமான தகடு, நடுவில் குறுக்காகத் துளை வரிசை, மேலும் கீழும் ஒரே எழுத்துகள். அது அடையாள வில்லை. பெயர் இருக்காது, படைப்பிரிவும் எண்ணும் மட்டும். சிப்பாய் இறந்தால் கீழ்ப்பாதியை உடைத்து எடுத்துக்கொண்டு, மேல்பாதியை உடலோடு விடுவார்கள். முழு வில்லையையும் யாராவது நினைவுப்பொருளாக எடுத்துக்கொண்டு போயிருந்தால், அந்த உடல் எங்கோ ஒரு கல்லறையில் ‘பெயர் தெரியாத வீரர்’ என்று கிடக்கலாம். குடும்பத்துக்கு இன்றுவரை ‘காணாமற்போனவர்’ என்பதற்கு மேல் பதில் கிடைத்திருக்காது.

அப்படி ஒரு வில்லை கிடைத்தால் தயவுசெய்து சும்மா இருக்காதீர்கள். அதிலுள்ள ஒவ்வொரு எழுத்தையும் அப்படியே நகலெடுத்து, இரு பக்கமும் படமெடுத்து ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். வில்லை எண்களின் பதிவேடுகளை முன்பு பெர்லினில் ஒரு தனி அலுவலகம் வைத்திருந்தது. 2019 முதல் அது காப்பகத்தோடு இணைந்துவிட்டது. போர்க் கல்லறைகளைப் பராமரிக்க 1919-இல் தொடங்கிய ஃபோல்க்ஸ்பூண்ட் அமைப்பும் உதவும். எண்பது ஆண்டு கழித்தும் பெயர்கள் திரும்பக் கிடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

பெயர் தெரிந்து குடும்பமும் கிடைத்தால், பொருளை அனுப்பும் முன் முதலில் ஒரு கடிதம் எழுதுங்கள். சிலர் கண்ணீரோடு வாங்கிக்கொள்வார்கள். சிலருக்கு அந்தத் தாத்தாவைப் பற்றிப் பேசவே பிடிக்காது. இரண்டுமே அவர்களுடைய உரிமை.

வைத்திருப்பது தவறா என்றால், என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். தவறில்லை. ஆனால் அது அலங்காரப் பொருள் அல்ல. கூடத்துச் சுவரில் மாட்டாதீர்கள், விளையாட்டுக்குக்கூட யாரும் அணிய வேண்டாம். அந்தச் சின்னத்தின் கீழ் கொல்லப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நம்மோடு உயிரோடு இருக்கிறார்கள். பின்லாந்துப் படையில் இருந்த யூதர்கள் மூவருக்கு இதே இரும்புச் சிலுவையைத் தர ஜெர்மனி முன்வந்தபோது, மூவரும் மறுத்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் செவிலி, ஒருவர் மருத்துவர். ஜெர்மனியில் ஸ்வஸ்திகாவைப் பொதுவெளியில் காட்டுவது இன்றும் குற்றம். கல்வி, ஆய்வு போன்றவற்றுக்குத்தான் விலக்கு. தூக்கி எறிவதும் எனக்குச் சம்மதமில்லை. உங்கள் தாத்தா அந்தப் போரில் அந்தச் சின்னத்துக்கு எதிர்ப்பக்கம் நின்றார். அதற்கு உங்கள் கையில் இருக்கும் சாட்சி இது.

விற்கலாமா என்று யாராவது கேட்டால், இரண்டாம் வகுப்பு மிகச் சாதாரணமாகக் கிடைப்பது, அதை விற்று யாரும் பணக்காரர் ஆனதில்லை என்று சொல்லுங்கள்.

அமிலம் கலக்காத காகிதத்தில் சிலுவையைத் தனியாகவும், நாடாவையும் உறையையும் அதனருகே வேறு மடிப்பிலும் வையுங்கள். மூன்றும் ஒரே பெட்டியில் இருக்கட்டும். மென்மையான பிளாஸ்டிக் உறை வேண்டாம், அது நாளாக ஆகக் கசிந்து உலோகத்தைப் பச்சையாக்கும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போதும். தொடும்போது பருத்திக் கையுறை, அல்லது விளிம்பை மட்டும் பிடித்தால் போதும்.

அப்புறம் ஓர் அட்டையை எடுத்து, பென்சிலால் எழுதுங்கள். தாத்தாவின் பெயர், படைப்பிரிவு, எந்த ஊர்களில் இருந்தார், எப்போது திரும்பினார். அதன் கீழே, வீட்டில் சொல்லப்படும் கதை, யார் சொன்னது என்பதோடு. பக்கத்திலேயே, நாடாவில் நீங்கள் பார்த்த மடிப்பு சாய்வா நேரா என்பதையும். கதையை அழித்துவிட்டு என் ஊகத்தை எழுத வேண்டாம். இரண்டும் இருக்கட்டும், பின்னால் வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நீல உறையை இதுவரை யாரும் உள்ளே பார்க்கவில்லை என்றால், விரலை விட்டுத் துழாவாதீர்கள், பழைய காகிதம் ஓரத்தில் கிழிந்துவிடும். வாயை மெல்ல விரித்து உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். உட்புற மடலில் பென்சிலால் ஏதாவது எழுதியிருக்கிறதா, ஓர் ஊர்ப்பெயரோ தேதியோ, என்று பார்த்துவிட்டு எனக்கும் சொல்லுங்கள்.